கேட்டிருத்தல்

முறத்தில் பரப்பிய அரிசியைப் பார்த்தவாறு என் பெரியம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து அமர்ந்திருப்பார். கல் பொறுக்கத்தான் அமர்வார். ஆனால் விரல் ஒரே மணியின்மேல் நின்றுவிடும். பொழுது சாயும், விளக்கு வைக்கும் நேரமாகும், விரல் நகர்ந்திராது. அந்த நிலைக்கு வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருந்தோம். சோம்பல் என்றார் பெரியப்பா. குடும்பத்தின்மேல் பற்று விட்டுப்போயிற்று என்றனர் உறவினர். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. பள்ளிச் சிறுவனாயிருந்த நானோ, முன்போல் கதை சொல்வதில்லை என்று அவரிடம் முகம் திருப்பிக்கொண்டேன். அத்தனை பேர் நடமாடிய வீட்டில், “உனக்கு என்ன செய்கிறது?” என்று கேட்டுவிட்டு விடை வரும்வரை பொறுத்திருந்தவர் ஒருவரும் இல்லை.

இன்று அதன் பெயர் எனக்குத் தெரியும். மனச்சோர்வு. மன அழுத்தம் என்ற சொல்லையும் இதற்கு வழங்குகிறோம். ஆனால் வேலைச் சுமையால் வரும் நெருக்கடிக்கும் இதற்கும் ஒரே சொல் நின்றுவிட்டதால் நோயின் கனம் நமக்குப் புலப்படாமல் போகிறது. நாள்தோறும், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு கிழமைகள் மனம் கவிந்து கிடப்பதும், முன்பு விரும்பிய எதிலும் சுவை அற்றுப்போவதும் இதன் முதன்மை அடையாளங்கள். உறக்கமும் பசியும் முறை மாறுவதும், எல்லாம் தன் குற்றமே என்ற எண்ணம் ஓயாது அரிப்பதும் அவற்றைத் தொடரும். 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்ந்தனர். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இருபதில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆட்படுகிறார் என்று கண்டது. அவர்களுள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் அளவில் எந்த மருத்துவமும் பெறவில்லை என்பது அதே ஆய்வின் செய்தி. அந்த எண்பத்தைந்து பேரும் ஏதோ ஒரு வீட்டின் கூடத்தில், ஏதோ ஒரு தூணின் அருகில் இருக்கிறார்கள்.

குணம் என்பது மெய் என்று நம்புகிறவன் நான். முயற்சி மனிதனை உயர்த்தும், சோம்பல் தாழ்த்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனாலேயே ஒன்றை மற்றொன்றாகப் பிழைபடக் கொள்வது எனக்குப் பெருங்குற்றமாகத் தோன்றுகிறது. வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். துன்பம் வந்தபோது கலங்காமல் நிற்கும் வலிமையை அது பேசுகிறது. அந்த வலிமை தன்னிடம் இருக்கிறவனைப் பார்த்துப் பேசுகிறது. மனச்சோர்வோ அந்த வலிமை ஊறிவரும் கண்ணையே அடைத்துவிடும் நோய். ஊற்றுக்கண் தூர்ந்த கிணற்றின் கரையில் நின்றுகொண்டு இன்னும் ஆழமாக வாளியை விடு என்று சொல்வதில் பயனில்லை. ஒருவர் இறங்கித் தூர் வார வேண்டும்.

இதில் இன்னும் கொடியது ஒன்றுண்டு. நான் ஒன்றுக்கும் உதவாதவள், இந்த வீட்டுக்குப் பாரம், என்னால் எல்லோருக்கும் துன்பம் என்று நோயாளியின் உள்ளே ஓயாது சொல்லிக்கொண்டிருப்பது நோய்தான். அந்தக் குற்ற உணர்வு நோயின் விளைவன்று, நோயின் உறுப்பு. நாம் சோம்பேறி என்று வைவதும், உனக்கு என்ன குறை என்று கேட்பதும், அடுத்த வீட்டாளோடு ஒப்பிட்டுப் பேசுவதும் அந்த உட்குரலுக்கு வெளியிலிருந்து சான்று சொல்வதாகும். நல்லெண்ணத்தால் சொல்கிறோம். ஆயினும் நோய் உள்ளே நின்று சொல்வதையே நாமும் வெளியே நின்று சொன்னால், நடுவில் அகப்பட்டவருக்கு எந்தப் பக்கம் போக்கிடம்?

1970களில் இலண்டனின் தென்பகுதியான கேம்பர்வெல்லில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்னும் இரு அறிஞர்கள் 458 பெண்களின் வாழ்க்கையைப் பொறுமையாகக் கேட்டறிந்தனர். கடந்த ஓராண்டில் என்ன நேர்ந்தது, யாரை இழந்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று நெடுநேரம் அமர்ந்து கேட்ட ஆய்வு அது. 1978இல் நூலாக வந்தது. சோர்வில் விழுந்த பெண்களுள் மிகப் பலருக்கு அதற்கு முன் ஒரு பேரிழப்போ நெடுநாள் இடரோ நேர்ந்திருந்தது. ஆனால் அதே அளவு இழந்தும் விழாமல் நின்ற பெண்களும் இருந்தனர். எது ஒருத்தியை நிறுத்துகிறது, எது ஒருத்தியை வீழ்த்துகிறது என்று தேடியபோது நான்கு நிலைகள் வெளிப்பட்டன. பதினோரு வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல். பதினான்கு வயதுக்கு உட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்த்தல். வீட்டுக்கு வெளியே ஒரு வேலை இல்லாமை. மனத்தில் உள்ளதைத் திறந்து சொல்ல நெருங்கிய ஒருவர் இல்லாமை.

இந்த நான்கையும் நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இறந்த தாயை யாராலும் மீட்டுத் தர இயலாது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் வேலையும் ஒரு நாளில் மாறுவன அல்ல. நான்காவது ஒன்று மட்டும் அண்டையிலிருக்கும் மனிதரின் கையில் இருக்கிறது, இன்றைக்கே இருக்கிறது. டிரில் ஹாரிசும் அவ்வாறே கருதினார் போலும். இருபது ஆண்டுகள் கழித்து, நெடுங்காலம் சோர்வில் கிடந்த இலண்டன் பெண்களிடம் மருத்துவர் அல்லாத தன்னார்வலரை அனுப்பி, கிழமைக்கு ஒரு மணி நேரமாவது உடனிருந்து பேசச் செய்த ஓர் ஆய்வை அவரும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்டனர். அவ்வாறு துணை பெற்றவருள் மீண்டோர், துணை பெறாது காத்திருந்தோரினும் தெளிவாக மிகுதி.

அதன்பின் இந்த உண்மைக்கு இன்னும் பெரிய சான்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஜிம்பாப்வே நாட்டில் கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க மனநல மருத்துவரே இருந்தனர். அவருள் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த ஓர் இளம்பெண் 2005இல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். நோய் முற்றியபோது ஏன் அழைத்து வரவில்லை என்று தாயிடம் கேட்டதற்கு, பேருந்துக்குப் பதினைந்து டாலர் இல்லை என்று அந்தத் தாய் சொன்னாள். அந்த ஒரு விடை சிபாண்டாவின் வாழ்க்கைத் திசையை மாற்றியது. நோயாளி மருத்துவமனைக்கு வர முடியாதபோது மருத்துவம் நோயாளியிடம் செல்ல வேண்டும் என்று அவர் துணிந்தார்.

ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் அதற்கு இடமும் இல்லை, செவிலியரும் இல்லை. எஞ்சியிருந்தவர்கள் ஊருக்குள் நலப்பணி செய்துவந்த பதினான்கு பாட்டிமார். 2006இல் அவர்களோடு தொடங்கினார். நலநிலையத்துக்கு வெளியே, திறந்த வெளியில், ஒரு மரப்பலகை; அதில் ஒரு பாட்டி; அருகில் துயருற்ற ஒருவர். முதலில் அதற்கு மனநலப் பலகை என்று பெயரிட்டார். அந்தப் பெயரை வைத்தால் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள் என்று பாட்டிமார் சொன்னார்கள். நட்புப் பலகை என்று மாறியது. மருத்துவர் தம் நூலறிவைவிடக் கிழவியரின் ஊரறிவு பெரிது என்று ஒப்புக்கொண்ட அந்த இடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நோயின் பெயரையும் அவர் ஊர் வழக்கிலிருந்தே எடுத்தார். ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்பார்கள். மிகுதியாக எண்ணிக்கொண்டே இருத்தல் என்பது அதன் பொருள். “அவளுக்கு யோசனை கூடிப்போச்சு” என்று நம் ஊர்க் கிழவியர் சொல்வதற்கும் அதற்கும் எவ்வளவு தொலைவு?

பாட்டிமாருக்கு அளித்த பயிற்சியைக் கூர்ந்து நோக்க வேண்டும். அறிவுரை சொல்வது முதியவருக்கு இயல்பு. அதை அடக்கிக்கொள்ளவே அவர்கள் பழக வேண்டியிருந்தது. முதல் சந்திப்பில் வந்தவரின் மனம் திறக்க வேண்டும். அவர் தம் இடர்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவற்றுள் எதை முதலில் எடுப்பது என்று அவரே தேர வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் அவரே காண வேண்டும். பாட்டி கேட்கிறார், மறுபடி கேட்கிறார், அடுத்த கிழமை என்ன ஆயிற்று என்று நினைவாக விசாரிக்கிறார். ஏறத்தாழ ஆறு சந்திப்புகள். 24 நலநிலையங்களில் 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வந்தவருள் பெரும்பாலோர் பெண்கள்; பலர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்தவர்கள். ஆறு திங்கள் கழித்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. பலகையில் அமர்ந்தவருள் நூற்றுக்கு 14 பேருக்கே நீடித்தது.

கேட்டிருத்தல் எளிது என்று யாரும் எண்ண வேண்டா. பேசுகிறவர் ஒரு சொல் சொல்லி நிறுத்தும்போது அந்த இடைவெளியை நிரப்ப நம் நா துடிக்கிறது. எனக்கும் இப்படித்தான் என்று தொடங்கி நம் கதையைச் சொல்லத் துடிக்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று மூடத் துடிக்கிறது. அவரது துயரம் நம்மை நோகச் செய்வதால், அந்த நோவிலிருந்து தப்பவே நாம் அவசரமாக ஆறுதல் சொல்கிறோம். நாவடக்கம் என்றால் தீச்சொல் பேசாதிருத்தல் என்றே நாம் கொண்டிருக்கிறோம். காலம் வாராத நற்சொல்லையும் உள்ளேயே நிறுத்திவைப்பது அதனினும் கடினமான அடக்கம். கேட்டதைப் பிறரிடம் கொண்டுசெல்லாமை அதன் மறுபாதி. ஊர்வாய்க்குப் போய்ச் சேர்ந்த ஒரு மந்தணம், அடுத்த முறை வாய் திறக்க எண்ணியவரின் உதட்டையும் தைத்துவிடும்.

துயரம் எப்போதும் துயரமாகவே வந்து நிற்பதுமில்லை. என் பெரியம்மா ஒரு நாளும் மனம் சரியில்லை என்று சொன்னதில்லை. உடம்பெல்லாம் வலி என்றார், நெஞ்சு அடைக்கிறது என்றார், கண் எரிகிறது என்றார். சத்து மாத்திரைகள் வந்தன; குப்பிகள் மாடக்குழியில் வரிசையாக நின்றன. கோவாவில் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று இதை ஆழமாகக் காட்டியது. வெள்ளைப்படுதல் என்று சொல்லிவந்த பெண்களை ஆராய்ந்தபோது, அந்தக் குறைபாடு தொற்றோடு தொடர்புற்றதைவிட மனத்துயரோடும் வாழ்க்கை இடரோடும் மிகுதியாகத் தொடர்புற்றிருந்தது. சொல்வதற்கு ஏற்ற ஒரு நோய் பெண்ணுக்கு வேண்டியிருந்தது. உடல் அதை வழங்கியது. மாமியாரிடமும் கணவனிடமும் மனம் நோகிறது என்று சொன்னால் ஏற்கப்படாது. இடுப்பு நோகிறது என்றால் ஏற்கப்படும். அவள் சொல்வது பொய்யன்று. உடல் மெய்யாகவே நோகிறது. கேட்பவருக்குச் செவி கூர்மையாக இருந்தால் அந்த நோவின் பின்னால் நிற்கும் மற்றொன்றும் கேட்கும்.

அதே கோவாவில், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத சாதாரண மக்களைப் பழக்கி, கடும் சோர்வுற்ற 495 பேரிடம் சோதித்த மற்றோர் ஆய்வு 2017இல் அச்சேறியது. அதன் முறை எனக்குப் பெரிதும் உவப்பானது. ஏனெனில் நம் முன்னோர் ஒழுக்கம் பயிற்றிய முறைக்கு அது நெருக்கமானது. மனம் தெளிந்தபின் செயலுக்கு வரலாம் என்று நோயாளி காத்திருக்கிறார், தெளிவோ வருவதில்லை. ஆகவே சிறு செயலை முன்னே வைக்கிறார்கள். இன்று கோயில்வரை நடப்பது, நாளை தங்கைக்குப் பேசுவது, விட்டுப்போன தையலில் ஒரு வரிசை இடுவது என்று உடன் அமர்ந்து குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதைப் பற்றிக் கேட்கிறார்கள். செயல் முந்த, மனம் மெல்லப் பின்வருகிறது. ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். மூன்று திங்களில் இம்முறை பெற்றவருள் நூற்றுக்கு 64 பேரும், பெறாதவருள் 39 பேரும் நோய் நீங்கப் பெற்றனர். முயற்சி செய் என்று அவர்களும்தான் சொன்னார்கள். ஆனால் எட்ட நின்று ஏவவில்லை. அந்த முயற்சியை ஒருவர் எடுத்துவைக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கி, பக்கத்தில் நின்றார்கள்.

செவிகொடுப்பவர் தம் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். உண்ணாமல் உறங்காமல் உருக்குலைந்தவருக்குப் பேச்சுமட்டும் போதாது. ஹராரேயின் பாட்டிமாரும் தம்மால் இயலாதவரை மேல் மருத்துவத்துக்கு அனுப்பினார்கள். 2018இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பு, 522 சோதனைகளில் 1,16,477 பேரிடம் பெற்ற சான்றுகளைத் திரட்டி, ஆராய்ந்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடப் பயன் தருவன என்று கண்டது. மூளையில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது என்னும் எளிய விளக்கம் பின்னர் வலுவிழந்துவிட்டது. ஆனாலும் மருந்தின் பயன் மறையவில்லை. அது சில கிழமைகள் சென்றே தெரியவரும். பத்தாம் நாள் பயனில்லை என்று நிறுத்திவிடுவோர் மிகப் பலர். முதன்முறை மீண்டவருள் பாதிப் பேருக்காவது நோய் மறுபடியும் வருகிறது என்பதையும் குடும்பம் அறிந்திருக்க வேண்டும். என் பெரியம்மாவுக்கும் முதன்முறை மீண்டபின் இருமுறை வந்தது. மூன்றாம் முறை அவரே, “பழையபடி வருது, கூட்டிட்டுப் போங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

சாவைப் பற்றி எண்ணுகிறாயா என்று கேட்பதற்கு நாம் அஞ்சுகிறோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நினைக்கிறோம். ஆய்வுகள் அவ்வச்சத்துக்கு ஆதாரம் காணவில்லை. அமைதியாகக் கேட்கப்பட்ட கேள்வி பலருக்குச் சுமையை இறக்கிவைக்கும் இடமாகவே அமைகிறது. கேட்பதோடு காப்பதும் கடமை. உயிர் விடும் துணிவு பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது. அது எழும் வேளையில் கைக்கெட்டும் தொலைவில் நஞ்சு இல்லாதிருந்தால் ஒரு முழு வாழ்க்கை மிஞ்சுகிறது. இலங்கை 1995 முதல் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. நம் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், பூச்சிக்கொல்லியை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுவில் பெட்டிகளில் பூட்டிவைக்கும் முறையை, சென்னையில் 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் ஆய்ந்தனர். உயிர்விட முயன்றவரை நெடுங்காலம் குற்றவாளியாகக் கண்ட நம் நாட்டுச் சட்டமும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் வழியே, அவர் கடுந்துயரில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும் என்று திருத்தம் பெற்றது. இந்த வரிகளைப் படிப்பவருள் எவரேனும் அந்த அலையின் நடுவில் இருந்தால், 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் உதவி எந்நேரமும் உண்டு. அழையுங்கள். அழைப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

என் பெரியம்மாவுக்கு முதலில் கிடைத்தது மருத்துவமுமன்று, ஆய்வுமன்று. எதிர்வீட்டு ஆச்சி ஒரு பிற்பகலில் முருங்கைக்கீரைத் தட்டோடு வந்து தூணின் மறுபக்கம் உட்கார்ந்தார். “சும்மா இருந்துட்டுப் போறேன்மா” என்றார், கீரையை உருவினார், எழுந்து போனார். மறுநாளும் வந்தார். ஏன் இப்படி இருக்கிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சாப்பிட்டியா என்பார், விடை வரும்வரை கீரையிலேயே கண்ணாக இருப்பார், வராவிட்டால் மறுமுறை கேட்கமாட்டார். அரசு மருத்துவமனையில் இதற்கென்று ஒரு மருத்துவர் இருக்கிறார் என்று பெரியப்பாவிடம் பின்னர் எடுத்துச் சொல்லி, உடன் பேருந்தேறிப் போனவரும் அவர்தான்.

ஆனால் அது பிறகு. ஆச்சி வரத் தொடங்கி மூன்றாம் கிழமையோ நான்காம் கிழமையோ, நான் பள்ளி விட்டு வந்து பையை மாட்டிக்கொண்டிருந்த வேளையில், தூணருகில் பெரியம்மாவின் குரல் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன், அவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

“கல்லு நிறையக் கெடக்கு ஆச்சி.”

ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். “ஆமா தாயி” என்றார். கீரைத் தட்டைத் தரையில் நகர்த்தி வைத்துவிட்டு, நெருங்கி அமர்ந்து, முறத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.